ரிட்சுரின் தோட்டமும் அதன் பின்னால் உள்ள 14,000 குளங்களும்

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் மிகச் சிறியது ஷிகோகு. விடுமுறைக்கு இந்தத் தீவுக்குப் போகிறவர்கள் கோயில் யாத்திரை, கடற்கரை, 'உதோன்' என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ் என்று நாட்களைக் கழிப்பார்கள். தீவின் வடகரையில் தகமட்சு நகரத்தில் இருக்கும் ரிட்சுரின் தோட்டத்தையும் தவறாமல் பார்த்துவிட்டு வருவார்கள். பைன் மரங்களும், குளங்களும், வளைந்த மரப்பாலமும், பின்னால் ஒரு பச்சை மலையுமாக அங்கே நிலவும் அமைதி எல்லோருக்கும் பிடித்துப்போகும்.

ஆனால், ஒரு விவசாயி அங்கே போய் நின்றால் மனதில் முதலில் எழும் கேள்வி வேறாக இருக்கும். ஜப்பானிலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று இது. இங்கே ஒரு தோட்டத்துக்குள் 6 குளங்களை நிரப்பி வைக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அந்தக் கேள்விக்கு விடை தேடினால், தோட்டத்தின் மதிலைத் தாண்டி ஒரு பாசன வரலாறே விரிகிறது.

நடந்து பார்க்கும் தோட்டம்

பெரிய தீவான ஹொன்ஷுவில் உள்ள ஒகயாமா நகரத்திலிருந்து ரயில் ஏறினால், கடலுக்கு மேல் செல்லும் செட்டோ பெரும்பாலம் வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தகமட்சுவை அடையலாம். இந்தப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது. தோட்டம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

தோட்டத்தின் சமதளப் பகுதி மட்டும் சுமார் 16 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 40 ஏக்கர். பின்னால் உள்ள ஷியுன் மலையையும் சேர்த்தால் மொத்தப் பரப்பு 75 ஹெக்டேர். உள்ளே 6 குளங்கள், 13 செயற்கைக் குன்றுகள். ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்காக இல்லாமல், குளங்களைச் சுற்றி நடந்து பார்ப்பதற்காக அமைத்த தோட்டம் இது. ஓர் அடி எடுத்து வைத்தால் ஒரு புதுக் காட்சி என்று இதைப் பற்றி அங்கே சொல்வார்கள். பாதை திரும்பும் இடமெல்லாம் ஒரு மரமோ குன்றோ மறைத்து நிற்கும். அதைக் கடந்ததும் குளம் வேறொரு கோணத்தில் தெரியும்.

தென்குளத்தின் கரையில் 'கிகுகெட்சு-தெய்' என்ற தேநீர்க் குடில் உள்ளது. நிலவை அள்ளும் குடில் என்று அதற்குப் பொருள். நான்கு பக்கமும் திறந்த கட்டடம். முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடே அதற்கு இல்லை. அங்கே பாயில் அமர்ந்து தேநீர் குடித்தபடி குளத்தைப் பார்க்கலாம். மரப்படகில் ஏறிக் குளத்தைச் சுற்றியும் வரலாம்.

'ரிட்சுரின்' என்றால் செஸ்ட்நட் மரத்தோப்பு என்று பொருள். ஆனால், இன்று அங்கே கண்ணுக்குப் படுவதெல்லாம் பைன் மரங்கள்தான். பஞ்ச காலத்தில் வயிற்றுக்கு உதவும் என்று முன்பு செஸ்ட்நட் மரங்களை வளர்த்ததாகச் சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரபுவின் வாத்து வேட்டைக்கு இடைஞ்சல் என்று அவற்றை வெட்டிவிட்டார்கள். மரம் போனாலும் பெயர் நின்றுவிட்டது.

ஆயிரம் மரங்களுக்குக் கையால் கவாத்து

இந்தத் தோட்டத்தில் சுமார் 1,400 பைன் மரங்கள் உள்ளன. அவற்றில் சுமார் 1,000 மரங்களைத் தோட்டக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கையால் பராமரிக்கிறார்கள்.

பைன் மரக் கவாத்தில் ஆண்டுக்கு இரண்டு முக்கிய வேலைகள் உண்டு. வசந்த காலத்தில் கிளை நுனியில் மெழுகுவத்தி போல இளந்தளிர் நிமிர்ந்து வரும். அதை விரலால் கிள்ளி எடுத்துவிடுவார்கள் அல்லது குட்டையாக்குவார்கள். இதனால் கிளை நீளமாக ஓடாமல், கணுக்கள் நெருங்கி, மரம் அதே அளவில் நிற்கும். இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் வரை இரண்டாவது வேலை. பழைய ஊசியிலைகளைக் கையால் உருவி எடுத்து, அடர்ந்த சிம்புகளைக் கழித்துவிடுவார்கள். வெயிலும் காற்றும் மரத்தின் உட்பகுதி வரை போக வேண்டும். அப்போதுதான் உள்கிளைகள் காய்ந்து போகாமல் உயிரோடு இருக்கும்.

கொய்யா, மா போன்ற பழமரங்களில் கவாத்து செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. உள்ளே வெளிச்சம் போகாத மரத்தில் காய்ப்பு வெளி விளிம்புக்கு ஓடிவிடும் என்பது தெரிந்ததுதான். அதே கணக்கை இங்கே அழகுக்காகப் பயன்படுத்துகிறார்கள். வேறுபாடு, அதைத் தலைமுறை தலைமுறையாக விடாமல் செய்திருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. பெட்டி வடிவில் வளர்த்த 'பெட்டிப் பைன்' வரிசை, சுமார் 300 ஆண்டுகள் இப்படிக் கைபட்டு உருவானது. 1833-இல் அன்றைய ஷோகுன் இந்தப் பிரபுவுக்குப் பரிசளித்த ஒரு தொட்டி பொன்சாய் மரத்தைத் தரையில் நட்டார்கள். அது இன்று சுமார் 8 மீட்டர் உயரத்துக்கு வளர்ந்து, வேர்கள் மண்ணுக்கு மேல் எழும்பிய பெரிய மரமாக நிற்கிறது. பத்து ஆண்டுகள் யாரும் தொடாமல் விட்டிருந்தாலே இந்த வடிவங்கள் எல்லாம் கலைந்து போயிருக்கும்.

ஆற்றைத் திருப்பியவர்

இனி தண்ணீர்க் கணக்கு. தகமட்சு இருக்கும் மாவட்டம் ககவா. அதன் பழைய பெயர் சனுகி. தெற்கே உள்ள மலைத்தொடர் கோடை மழையைத் தடுத்துவிடுகிறது. கடலுக்கு அப்பால் வடக்கே உள்ள மலைகள் குளிர்கால ஈரத்தைத் தடுத்துவிடுகின்றன. ஆண்டு மழை சராசரியாக 1,100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது. ஜப்பானின் பொதுச் சராசரி ஏறக்குறைய 1,700. நமக்கு 1,100 நல்ல மழையாகத் தோன்றலாம். ஆனால், அங்குள்ள ஆறுகள் குட்டையானவை, சரிவு மிகுந்தவை. பெய்த மழை சிறிது நேரத்தில் கடலுக்குப் போய்விடும். தேக்கி வைக்காவிட்டால் நெல் நட வழியில்லை.

1620-களில் சனுகியை ஆண்டது இகோமா குடும்பம். 1626-இல் கடும் வறட்சி வந்தது. பிரபு சிறுவன் என்பதால், அவருக்குப் பாதுகாவலராக இருந்த தோதோ குடும்பத்திலிருந்து நிஷிஜிமா ஹச்சிபெய் என்ற நீர்ப் பொறியாளர் அனுப்பப்பட்டார். அவர் அந்தப் பகுதியில் 90-க்கும் மேற்பட்ட ஏரி, குளங்களைக் கட்டினார் அல்லது செப்பனிட்டார் என்கிறது வரலாறு.

அவர் செய்த இன்னொரு வேலை கோட்டோ ஆற்றைத் திருப்பியது. அப்போது அந்த ஆறு இரண்டு கிளையாகப் பிரிந்து ஓடியது. கிழக்குக் கிளை தகமட்சு கோட்டை நகரத்துக்கு வெள்ள ஆபத்தாக இருந்தது. 1630-களில் அவர் கிழக்குக் கிளையை அடைத்து, தண்ணீர் முழுவதையும் மேற்குக் கிளையில் விட்டார். மேலே ஓட்டம் நின்றாலும், பழைய ஆற்றுத் தடத்தின் மணலுக்கு அடியில் ஊற்று ஓடிக்கொண்டே இருந்தது.

ரிட்சுரின் தோட்டத்தின் குளங்கள் அந்தப் பழைய தடத்தில்தான் அமைந்திருக்கின்றன. ஊற்றுநீர்தான் அவற்றை நிரப்பியது. 1625 வாக்கில் இகோமா பிரபு காலத்தில் தோட்டத்துக்கு அடித்தளம் போடப்பட்டது. 1642-இல் சனுகிக்கு வந்த மட்சுடைரா குடும்பம் அதைத் தலைமுறைகளாக விரிவாக்கியது. 1745-இல், ஐந்தாம் பிரபு யோரிதகா காலத்தில் பணி நிறைவடைந்தது. அவர் இங்கே மூலிகைத் தோட்டமும் அமைத்தார். 1875-இல் இது பொதுமக்களுக்கான பூங்காவாகத் திறக்கப்பட்டது.

நிஷிஜிமாவின் நினைவாக ஒரு கல்லும் தோட்டத்துக்குள் இருக்கிறது. சீனத்துப் பழங்கதைகளில் வெள்ளத்தை அடக்கிய மன்னனாகச் சொல்லப்படும் 'யூ'வின் பெயரை அவர் ஒரு கல்லில் பொறித்து, கோட்டோ ஆற்றங்கரையில் வைத்தார். பின்னாளில் மண்ணுக்குள் புதைந்துபோன அந்தக் கல், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றுப் பகுதியில் மீண்டும் கிடைத்தது. இப்போது அது தோட்டத்தில் உள்ள பழைய கண்காட்சிக் கட்டடத்தின் முற்றத்தில் இருக்கிறது. பைன் மரங்களைப் படம் பிடிக்கும் கூட்டம் அதைப் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்து போய்விடும்.

ஏரிக்குள் முளைத்த ஊர்

நிஷிஜிமா செப்பனிட்டவற்றில் பெரியது, தகமட்சுவுக்குத் தென்மேற்கே உள்ள மன்னோ ஏரி. இது 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. கரை உடைந்தபோது, 821-இல் அதைச் சீரமைக்கும் பொறுப்பு கூக்காய் என்ற பௌத்தத் துறவியிடம் கொடுக்கப்பட்டது. அவர் அதே மண்ணில் பிறந்தவர். மக்கள் அவர் சொல்லுக்குத் திரண்டு வந்து சில மாதங்களில் வேலையை முடித்தார்கள். தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கரையை நீர்ப்பக்கமாக வில்போல வளைத்துக் கட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

1184-இல் ஏரி மீண்டும் உடைந்தது. இந்த முறை யாரும் கட்டவில்லை. சுமார் 450 ஆண்டுகள் ஏரியின் உட்பகுதியே விளைநிலமாக இருந்தது. அங்கே ஓர் ஊரும் உருவானது. அதன் பெயரே 'ஏரிக்குள் ஊர்' என்று பொருள்படும். 1628-இல் நிஷிஜிமா வேலையைத் தொடங்கி 1631-இல் மீண்டும் தண்ணீர் தேக்கினார். 1854-இல் மறுபடி உடைப்பு; 1870-இல்தான் சீராயிற்று.

இன்று மன்னோ ஏரி 1.54 கோடி கனமீட்டர் தண்ணீரைப் பிடிக்கும். நம் கணக்கில் அரை டி.எம்.சி.க்குச் சற்று அதிகம். 2016-இல் இது உலகப் பாரம்பரிய நீர்ப்பாசனக் கட்டமைப்பாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூன் 15-ஆம் தேதி மதகு திறக்கும் சடங்கு நடக்கும். அதற்குப் பிறகுதான் அந்த ஆயக்கட்டில் நடவு.

ஊதுவத்தியால் அளந்த தண்ணீர்

மன்னோ போன்ற பெரிய ஏரியைத் தாய்க்குளம் என்றும், அதிலிருந்து தண்ணீர் வாங்கி நிரம்பும் சிறு குளங்களைப் பிள்ளைக் குளங்கள் என்றும் அங்கே சொல்வார்கள். நம்மூர்ச் சங்கிலித் தொடர் ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. ககவாவில் இப்படிச் சுமார் 14,000 குளங்கள் இருக்கின்றன. ஜப்பானின் மிகச் சிறிய மாவட்டம் அது. பரப்பால் வகுத்தால், சதுர கிலோமீட்டருக்கு ஏழு குளங்களுக்கு மேல் வருகிறது.

குளம் இருந்தால் போதாது, பங்கீடும் வேண்டும். வறட்சிக் காலத்தில் சனுகியில் தண்ணீரை ஊதுவத்தியால் அளந்தார்கள். ஒவ்வொருவர் வயலின் பரப்புக்கு ஏற்ற நீளத்தில் ஊதுவத்தி வைத்திருப்பார்கள். மடை திறந்ததும் காவலர் அதைக் கொளுத்துவார். வத்தி எரிந்து முடிந்ததும் குறிப்புக் கொடுப்பார். உடனே அந்த மடையை அடைத்து, அடுத்தவர் மடையைத் திறக்க வேண்டும். கடிகாரம் இல்லாத காலத்தில் இரவிலும் பகலிலும் ஒன்றுபோல வேலை செய்த அளவுகோல் அது. முறைப்பாசனத்தில் நீர்க்கட்டி வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்களில் இதன் அருமை புரியும். தண்ணீர் குறையும்போது அளவு எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். தெரிந்தால் சண்டை குறையும்.

அறுவடைக்குப் பிறகு குளத்தை வடித்து, மீன் பிடித்து, கரையையும் மதகையும் பார்த்துச் செப்பனிடுவதும் அங்கே பழைய வழக்கம். குளத்துக் கெண்டையை முள்ளங்கியுடன் சேர்த்து, புளிக்காடி கலந்த சோயா விழுதில் பிசைந்து செய்யும் 'தெப்பாய்' என்ற உணவு, ககவாவின் குளிர்காலப் பண்டம். குளம் வடிக்கும் வழக்கத்தோடு ஒட்டி வந்த சுவை அது.

மழைக்கு ஏற்ற பயிர்

தண்ணீர் குறைவு, பயிர்த் தேர்வையும் தீர்மானித்தது. பழைய சனுகியின் புகழ் பெற்ற பொருட்களை 'மூன்று வெள்ளைகள்' என்பார்கள்: சர்க்கரை, உப்பு, பருத்தி. மூன்றுக்கும் வெயில் வேண்டும். இங்கு மெல்லிய கரும்பிலிருந்து எடுக்கும் 'வசன்போன்' சர்க்கரை இன்றும் உயர்ந்த இனிப்புகளுக்குப் பயன்படுகிறது.

நெல்லுக்குப் பின் கோதுமை போடுவதும் இங்கே உண்டு. இலையுதிர் காலத்தின் கடைசியில் விதைத்து, மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் அறுப்பார்கள். ஜூன் நடுவில் மதகு திறக்கும்போது வயல் நடவுக்குத் தயாராக இருக்கும். ஊருக்கு ஊர் உதோன் கடைகள் நிறைந்ததற்கு இந்தக் கோதுமையும் ஒரு காரணம். அதற்கென்றே 'சனுகியின் கனவு' என்று பொருள்படும் கோதுமை ரகத்தை மாவட்டத்தின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது.

தகமட்சுவிலிருந்து படகில் போகக்கூடிய ஷோதோஷிமா தீவில் ஆலிவ் தோட்டங்களைப் பார்க்கலாம். 1908-இல் ஜப்பானில் மூன்று இடங்களில் ஆலிவ் சாகுபடியைச் சோதித்துப் பார்த்தார்கள். நிலைத்தது இங்கே மட்டும்தான். நெல்லுக்குக் குறையாகத் தெரிந்த குறைந்த மழையும் நிறைந்த வெயிலும் ஆலிவுக்கு நிறைவாகிவிட்டன.

கால்வாய் வந்த பிறகும்

1973 கோடையில் தகமட்சுவில் குடிநீருக்கே பெரும் தட்டுப்பாடு. அந்த ஆண்டை இன்றும் 'தகமட்சு பாலைவனம்' என்று நினைவுகூர்கிறார்கள். அடுத்த ஆண்டு, தெற்கே உள்ள யொஷினோ ஆற்றின் தண்ணீர் மலையைக் குடைந்த 8 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக ககவாவுக்கு வந்தது. 100 கிலோமீட்டருக்கும் நீளமான அந்தக் கால்வாய்தான் இன்று வயலுக்கும் வீட்டுக்கும் ஆலைக்கும் பெரிய ஆதாரம்.

கால்வாய் வந்ததும் குளங்களை மூடிவிடவில்லை. கால்வாய்த் தண்ணீரைக் குளங்களில் வாங்கி வைத்து, தேவைப்படும்போது திறந்துவிடுகிறார்கள். 1994-இல் மறுபடி கடும் வறட்சி வந்து, கால்வாயின் மூல அணையே வற்றியது. புதிய ஆதாரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பழைய குளம் கையிருப்பாக இருக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டு நினைவூட்டியது.

குளத்துக்கு ஆள் எங்கே?

இன்று அந்தக் குளங்களுக்கு வந்திருக்கும் ஆபத்து வறட்சியால் வந்தது அல்ல. ஜப்பானிய விவசாயிகளுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் நகரத்தில் இருக்கிறார்கள். கரையில் புல் வெட்ட, மதகு பார்க்க, மண் சரிந்தால் அணைக்க ஊரில் ஆள் குறைந்துகொண்டே போகிறது. பாசனத்துக்குத் தேவைப்படாமல் போன குளம் கவனிப்பாரற்று நிற்கிறது.

கவனிக்காத குளம் சும்மா இருக்காது. 2018 ஜூலையில் மேற்கு ஜப்பானில் பெய்த பெருமழையில் 32 பாசனக் குளங்கள் உடைந்தன. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே பாசனக் குளங்களின் பராமரிப்புக்கென அங்கே தனிச் சட்டம் வந்தது. குளத்தின் உரிமையாளர் அல்லது நிர்வாகி யார் என்று பதிவு செய்ய வேண்டும். உடைந்தால் மக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் குளங்களைக் கண்டறிந்து அறிவிக்க வேண்டும். பொறுப்பாளர் தெரியாத குளத்தை உள்ளாட்சி எடுத்துப் பராமரிக்கவும் சட்டம் வழி செய்கிறது.

ரிட்சுரின் தோட்டத்தையும் ஊர்க் குளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் கனம் தெரியும். இரண்டும் ஒரே காலத்து நீர்ப்பணியோடு தொடர்புடையவை. தோட்டத்தை மாவட்ட அரசு நடத்துகிறது. கவாத்து தெரிந்த பணியாளர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். பார்வையாளர்கள் கட்டணம் கொடுத்து வருகிறார்கள். குளங்களைக் காப்பது விவசாயிகளின் பாசனச் சங்கங்கள். அவர்கள் கொடுக்கும் சந்தாவும் உடலுழைப்பும்தான் முதல். தோட்டத்தில் ஒரு மரம் பட்டுப்போனால் நாடே பேசும். மலையடிவாரத்தில் ஒரு குளத்தின் மதகு அடைத்துக்கொண்டால் பக்கத்து வயல்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

குடிமராமத்து நடந்த ஊர்களுக்கு இந்த நிலைமை அந்நியமானதல்ல. ஊர்க் கண்மாய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் பதிலாகக் கிடைக்கும் வரை அந்தக் கண்மாய் பாதுகாப்பாக இல்லை. அந்தக் கேள்வியை ஜப்பானியர்கள் 32 குளங்கள் உடைந்த பிறகு சட்டமாக்கினார்கள்.

போகிறவர்கள் கவனிக்க

ஷிகோகு பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால் ரிட்சுரின் தோட்டத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சூரியன் எழும் நேரத்தை ஒட்டி வாசல் திறக்கும். மாதத்துக்கு மாதம் நேரம் மாறும். வசந்த காலமானால் தளிர் கிள்ளுவதையும், குளிர்காலமானால் இலை உருவுவதையும் பார்க்கலாம். அடுத்து, நிஷிஜிமாவின் கல் இருக்கும் முற்றத்தைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். மறுநாள் ஒரு பொழுதை ஒதுக்கி மன்னோ ஏரிக் கரையில் நடந்து வாருங்கள். பயணம் ஜூன் நடுவில் அமைந்தால் இன்னும் நல்லது. மதகு திறந்து தண்ணீர் பாயும் சத்தத்தைக் கேட்கலாம். அடுத்த நாட்களில் கோதுமைத் தாள் கிடந்த வயல்கள் நாற்று நட்ட வயல்களாக மாறுவதையும் பார்த்துவிட்டு வரலாம்.